தொண்ணூற்று ஐந்தாவது உடல்

வாசக நண்பர்களே, வணக்கம்.

வரலாற்று நூல்களையே நாடிப் படிக்கும் நாம், ரத்தமும் கோரமும் அதிகம் இல்லாமல் ஒரு சிற்றூர் எல்லைக்குள் நடந்து முடியும் 'கோஸி மிஸ்டரி' வகைத் துப்பறியும் கதைகளை ரயில் பயணத்துக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுகிறோம். அந்த வழக்கத்தை விட்டு நான் படித்த ஒரு நாவலைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எடித் பார்ஜெட்டர் எழுதி 1979இல் வெளிவந்த 'ஒன் கார்ப்ஸ் டூ மெனி' என்பது அதன் பெயர்.

இங்கிலாந்து மன்னர் முதலாம் ஹென்றி 1135இல் இறந்தபின், அவருடைய மகள் மட்டில்டாவுக்கும் சகோதரி மகன் ஸ்டீஃபனுக்கும் இடையே அரியணைப் போட்டி மூண்டது. செவர்ன் ஆறு வளைத்தோடும் ஷ்ரூஸ்பரி நகரின் கோட்டை மட்டில்டாவின் பக்கம் நின்றது. 1138 கோடையில் அதை முற்றுகையிட்டுப் பிடித்த ஸ்டீஃபன், எதிர்த்து நின்ற காவற்படையினரைத் தூக்கிலிடச் செய்தார். இது நடந்த வரலாறு. வரலாற்று நூலில் இச்செய்தி ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். நாமும் பக்கத்தைப் புரட்டி அடுத்த முற்றுகைக்குப் போய்விடுவோம்.

நாவலோ அந்த இடத்தை விட்டு நகர மறுக்கிறது. இளமையில் சிலுவைப் போரில் வாளேந்தி, பிற்காலத்தில் பெனடிக்டைன் என்ற கிறித்தவத் துறவியர் மடத்தில் மூலிகைத் தோட்டம் பேணும் வேல்ஸ் நாட்டுத் துறவி காட்ஃபேல், இறந்தவர்களைக் கழுவிக் கிடத்தி முறைப்படி அடக்கம் செய்யக் கோட்டைக்குள் போகிறார். தூக்கிலிடப்பட்டவர்கள் 94 பேர் என்பது அதிகாரிகள் தந்த கணக்கு. அவர் எண்ணும்போது 95 உடல்கள் இருக்கின்றன. மிகுதியாக உள்ள இளைஞனின் கழுத்தில் இருப்பது தூக்குக் கயிற்றின் தடமல்ல. பின்னாலிருந்து மெல்லிய கயிற்றால் இறுக்கிய தடம். அரசாணையால் விழுந்த பிணங்களுக்கு நடுவே ஒருவன் தன் கொலையை ஒளித்து வைத்திருக்கிறான்.

இத்தனை பேர் மாண்ட இடத்தில் ஒருவனுடைய சாவை மட்டும் விசாரிப்பதில் என்ன பொருள் என்ற கேள்வி நமக்கும் எழுகிறது. கொன்றவன் யார் என்பதற்கு முன் இறந்தவன் யார், அவனைத் தேடி அழப்போகிறவர்கள் யார் என்று காட்ஃபேல் விசாரிக்கத் தொடங்கும்போது, மற்ற 94 பேரும்கூட வெறும் எண்ணிக்கையாக இருப்பதை நிறுத்தி, உறவினர் வந்து அடையாளம் கண்டு கொண்டுபோக வேண்டிய மனிதர்களாகிவிடுகிறார்கள். எண்ணிக்கையோடு நின்றுவிடும் வரலாற்று வாசிப்புக்கு இந்த வகை நாவல் தரக்கூடியது இதுவே என்று நான் உறுதியாக நம்புகிறேன். மன்னர்களின் பின்னால் போகும் பெரிய சரித்திர நாவல்களில் இவ்வளவு பொறுமையை நான் அதிகம் கண்டதில்லை.

பார்ஜெட்டர், ஷ்ரூஸ்பரி அமைந்துள்ள ஷ்ராப்ஷயர் மண்ணிலேயே 1913இல் பிறந்தவர். இளம்வயதில் மருந்துக்கடையில் உதவியாளராக வேலை பார்த்தவர். காட்ஃபேலின் குடிலில் தொங்கும் மூலிகைகளும் தைலச் சாடிகளும் இவ்வளவு இயல்பாக இருப்பதற்கு அந்த அனுபவமும் துணை நின்றிருக்க வேண்டும். காதல் இணைகள் எல்லாம் வசதியாகச் சேர்ந்துவிடுவது மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை.

மொத்தம் 20 நாவல்கள் உள்ள தொடரில் இது இரண்டாவது. 1977இல் வந்த முதல் நாவலைப் படிக்காமலே இதில் தொடங்கலாம். வரலாறு படிக்கும் நண்பர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.