கணினி வகுப்பில் கண்களுக்கு நேரம் வேண்டும்: வட சென்னையில் காது கேளாதோருக்கான பயிற்சி

[திரை: வலப்புற ஓரத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர், கீழே தமிழ் எழுத்துரை. இவ்விரண்டும் காணொளியின் இறுதிவரை இருக்கும்.]

குரல்:

வணக்கம். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் எனப் பரந்து கிடக்கும் வட சென்னையில், தட்டச்சு நிலையமோ கணினிப் பயிற்சி மையமோ இல்லாத கடைத்தெரு அரிது. பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த பிள்ளைகள் மாலை வேளைகளில் அங்கே வந்து எக்செல், டேலி என்ற கணக்கு மென்பொருள், டி.டி.பி. என்ற பக்க வடிவமைப்பு ஆகியவற்றைக் கற்றுக்கொண்டு, மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் உள்ள மொத்த வணிகக் கடைகளிலோ துறைமுகத்தைச் சார்ந்த அலுவலகங்களிலோ வேலைக்குச் சேர்கிறார்கள். அதே தெருக்களில் வளர்ந்த காது கேளாத பிள்ளை அந்த மையத்துக்குப் போனால், சேர்த்துக்கொள்ளத் தயங்குவார்கள். சேர்த்துக்கொண்டாலும், பாடம் புரியாமல் பாதியிலேயே அந்தப் பிள்ளை நின்றுவிட நேர்கிறது. இதற்குக் காரணம் வகுப்பு நடத்தப்படும் முறைதான். அந்த முறையை எப்படி மாற்றுவது என்பதைப் பயிற்சி மையம் நடத்துவோரும் பெற்றோரும் வேலை கொடுப்போரும் அறிந்துகொள்வதற்காக இந்தக் காணொளியைத் தயாரித்திருக்கிறோம்.

[காட்சி: பழைய தொலைபேசி, அதன் பக்கத்தில் தட்டச்சுப் பொறி.]

கணினி, காது கேளாதோருக்கு இயல்பாகவே நெருக்கமான கருவி. 1876-இல் தொலைபேசி வந்தபோது, உலகம் முழுவதும் வேலையும் வணிகமும் மெல்ல மெல்லக் குரலை நம்பத் தொடங்கின. காது கேளாதோர் அந்த அளவுக்கு வெளியே தள்ளப்பட்டார்கள். அமெரிக்காவில் காது கேளாத இயற்பியலாளரான ராபர்ட் வைட்பிரெக்ட், தட்டச்சு செய்த எழுத்துகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகவே அனுப்பும் முறையை 1964-இல் உருவாக்கும்வரை அந்த நிலை நீடித்தது. கணினிகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்வதற்கான, இணையத்தின் அடித்தளமான நெறிமுறைகளை வகுத்த இருவரில் ஒருவரான விண்ட் செர்ஃப் செவித்திறன் குறைந்தவர் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் காணொளி அழைப்பும் வந்த பிறகு, அலுவலக வேலையில் பெரும்பகுதி கண்ணாலும் கையாலும் முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் அந்த வேலையைக் கற்றுக்கொடுக்கும் அறையில் மட்டும் காதுக்கே முதலிடம் தருகிறோம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 50.7 லட்சம் பேர். சட்டப்படி, இரு காதுகளிலும் 70 டெசிபல் அளவுக்குக் கேட்கும் திறன் இழந்தவர் காது கேளாதவர்; 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவர் கேட்கும் திறன் குறைந்தவர்.

[காட்சி: ஒரு கணினி வகுப்பு. ஆசிரியர் பின்னால் நின்று பேசுகிறார். மாணவர்கள் அவரைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி சுட்டியை நகர்த்துகிறார்கள்.]

இந்தக் காட்சியைச் சற்று நேரம் கவனியுங்கள். ஆசிரியர் "இப்போது மேலே உள்ள பட்டியைச் சொடுக்குங்கள், அதில் மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே போகிறார். மாணவர்களின் காது அவரிடமும் கண் திரையிலும் இருக்கின்றன. கேட்பதும் பார்ப்பதும் ஒரே நொடியில் நடக்கின்றன. கேட்கும் திறன் உள்ளவர்களுக்கு இது மிகவும் பழகிப்போனதால், இப்படி ஒரு வசதி தங்களுக்கு இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

காது கேளாத மாணவிக்கு விளக்கத்தைக் கேட்பதற்கும் செய்துபார்ப்பதற்கும் கண்கள் மட்டுமே உண்டு. மொழிபெயர்ப்பாளரின் கைகளைப் பார்த்தால் திரையில் நடந்தது தவறிப்போகிறது. திரையைப் பார்த்தால் விளக்கம் தவறிப்போகிறது. ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்திவிட்டதாலேயே வகுப்பு அனைவருக்கும் உரியதாகிவிட்டது என்று பல நிறுவனங்கள் நம்புகின்றன. ஆசிரியர் தம் வேகத்தைக் குறைக்காமல் பேசிக்கொண்டே போனால், மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அந்த மாணவி பாடத்தில் பாதியை இழப்பது உறுதி. எனவே முதலில் விளக்கம், பிறகு கைகளை இறக்கிவிட்டு அமைதி, அந்த அமைதியில் மாணவர்கள் திரையைப் பார்த்துச் செய்து முடித்துத் தலை நிமிர்ந்த பின்னரே அடுத்த விளக்கம் என்ற ஒழுங்கை ஆசிரியர் தம் உடலில் பழக்கிக்கொள்ள வேண்டும். இதற்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மூன்று மாதப் பாடத்தை ஐந்து மாதமாக வகுத்துக்கொண்டு, கட்டணத்தை உயர்த்தாமல் நடத்த முடியுமா என்பதையே மையத்தினர் யோசிக்க வேண்டும்.

[காட்சி: மேசைகள் 'ப' வடிவில் மாற்றிப் போடப்படுகின்றன.]

அறையின் அமைப்பும் இதைச் சார்ந்ததே. சுவரைப் பார்த்து வரிசையாகப் போடப்பட்ட கணினி மேசைகளில் அமர்ந்தவர் ஆசிரியரைக் காண ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்ப வேண்டும். மேசைகளை 'ப' வடிவில் போட்டால், அனைவரும் ஆசிரியரையும் ஒருவரை ஒருவரும் பார்க்க முடியும். சைகை மொழியில் ஒரு மாணவர் கேட்கும் கேள்வி மற்ற அனைவருக்கும் தெரிய வேண்டுமானால் இது இன்றியமையாதது. சன்னலுக்கு முன்னால் நின்று கற்பித்தால் முகமும் கையும் நிழலாகிவிடும். புரொஜெக்டருக்காக விளக்குகளை அணைத்தால் மொழிபெயர்ப்பாளர் இருளில் மறைந்துவிடுவார். அவர் மீது மட்டுமாவது ஒரு விளக்கு விழ வேண்டும். கவனத்தை ஈர்க்க மேசையைத் தட்டுவதற்கு மாறாக அறை விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றலாம். கணினி எழுப்பும் எச்சரிக்கை ஒலிக்குப் பதிலாகத் திரை ஒளிர்ந்து காட்டும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. அதை இயக்கி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இனி, இவை அனைத்தையும்விடக் கடினமான ஒன்றுக்கு வருகிறேன்.

[காட்சி: கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம்.]

"கோப்பை நகலெடுத்துப் புதிய கோப்புறையில் ஒட்டிவிட்டு, பழையதை அழிக்காமல் மூடவும்." பயிற்சிக் கையேடுகளில் இத்தகைய வாக்கியங்களை நாம் சாதாரணமாக எழுதுகிறோம். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். வீட்டில் சைகை மொழி தெரிந்தவர் இல்லை, பேசப்படும் தமிழோ குழந்தையை எட்டுவதில்லை. மற்ற குழந்தைகள் பள்ளிக்கு வருவதற்கு முன்பே காது வழியாகப் பெற்றுவிடும் வேற்றுமை உருபுகளையும் வினை விகுதிகளையும் இவர்கள் ஏட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருக்கிறது. இந்திய சைகை மொழிக்குத் தனக்கென இலக்கணம் உண்டு. அதில் எதிர்மறை, பெரும்பாலும் தலையசைப்போடு கூடிய தனிச் சைகையாக வெளிப்படையாகக் காட்டப்படும். தமிழிலோ அது 'அழிக்காமல்' என்ற சொல்லின் உள்ளே ஒளிந்திருக்கிறது. வேர்ச்சொற்களைப் பிடித்துக்கொண்டு படிக்கும் மாணவர் 'நகல், ஒட்டு, பழையது, அழி, மூடு' என்று புரிந்துகொண்டு, பழைய கோப்பை அழித்துவிடுவார். அதைப் பார்க்கும் ஆசிரியர் இவருக்குக் கணினி வராது என்று முடிவு கட்டிவிடும் ஆபத்து உண்டு. அந்த மாணவர் தமக்குத் தெரிந்த மொழியில் சரியாகவே சிந்தித்தார். கையேட்டை ஒரு வரிக்கு ஒரு செயலாக, ஒவ்வொரு வரிக்கும் திரைப் படத்தோடு, "பழைய கோப்பு: அழிக்க வேண்டாம்" என்று தனி வரியில் எழுதித் தந்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் செவித்திறன் குறையுடைய மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. நல்லெண்ணத்தோடு தரப்பட்ட சலுகைதான். ஆனாலும் ஒருவர் தமிழை மட்டுமோ ஆங்கிலத்தை மட்டுமோ படித்துவிட்டு வருகிறார் என்பதைக் கணினி ஆசிரியர் முதல் நாளிலேயே கேட்டறிய வேண்டும். மென்பொருள் பட்டிகளில் உள்ள ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு கற்பிக்கத் தொடக்கத்திலேயே சில வாரங்களை ஒதுக்க வேண்டும். சைகை மொழியில் எழுத்துக் கூட்டிக் காட்டுவதற்கு இந்தியாவில் இரண்டு கைகளும் தேவை என்பதால், ஒரு சந்தேகம் கேட்பதற்கே மாணவர் விசைப்பலகையை விட்டுக் கைகளை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கும் பொறுமை வேண்டும். புது தில்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் பத்தாயிரம் சொற்கள் இருக்கின்றன. தொழில்நுட்பச் சொற்களும் அதில் உண்டு.

[காட்சி: விசைப்பலகை, தமிழ் 99 அமைப்பின்படி எழுத்துகள் ஒளிர்கின்றன.]

தமிழ்த் தட்டச்சில் ஒரு தெளிவான பரிந்துரை உண்டு. ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தமிழை அடிக்கும் முறை, ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு எளிது. கேட்டறியாதவருக்கு அது ஒரு சுமை. தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் இருக்கின்றன. அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அடித்தால் 'அம்மா' வந்துவிடும். புள்ளி தானாகவே விழும். கண்ணால் பார்த்த எழுத்தை நேராக விரலுக்குக் கொண்டுவரும் இந்த முறையிலேயே முதல் பாடத்தைத் தொடங்குங்கள்.

கற்பிப்பவரே காது கேளாதவராக இருந்தால் இன்னும் சிறப்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறையுடையோருக்கென பி.சி.ஏ., பி.காம். வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே பட்டம் பெற்றவர்களைப் பகுதி நேர ஆசிரியராக அமர்த்தும் மையம், மொழிபெயர்ப்பை இடையில் வைக்காமல் நேரடியாகக் கற்பிக்க முடியும். தன்னைப் போன்ற ஒருவர் முன்னால் நின்று பாடம் நடத்துவதைக் காணும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உறுதியைத் தரும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

[காட்சி: சென்னை வரைபடம். கிண்டி, அடையாறு, சாந்தோம், இராமாவரம் தனித்தனியே ஒளிர்கின்றன.]

வட சென்னையை ஏன் குறிப்பாகப் பேசுகிறோம்? காது கேளாதோருக்கான பெயர்பெற்ற பள்ளிகள் சாந்தோமிலும் அடையாறிலும் இராமாவரத்திலும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் கிண்டியில் இருக்கிறது. விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு திருவொற்றியூரிலிருந்து கிண்டிக்கு ஒரே வண்டியில் போகலாம். மணலியிலும் கொடுங்கையூரிலும் எண்ணூரிலும் இருப்பவர்களுக்கோ ஒவ்வொரு நாளும் இரண்டு வண்டி மாறும் பயணம்தான். நடந்துபோகும் தூரத்தில் உள்ள மையம் ஒன்று தன் மேசைகளையும் கையேட்டையும் மாற்றிக்கொண்டால், அந்தப் பயணச் செலவும் பெற்றோரின் அச்சமும் ஒருசேரக் குறையும்.

வேலையும் அருகிலேயே இருக்கிறது. துறைமுகத்தையும் மணலி, மாதவரம் பகுதிகளின் சரக்குப் பெட்டக முனையங்களையும் சுங்க முகவர் அலுவலகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சரக்குப் பெட்டகத்துக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட அடையாளம் உண்டு. கடைசி எண், முந்தையவை பிழையின்றி இருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கானது. இத்தகைய பதிவுகளைச் சலிக்காமல், கவனம் சிதறாமல் செய்பவரையே அந்த அலுவலகங்கள் தேடுகின்றன. ஜி.எஸ்.டி. கணக்கு எழுதுதல், அச்சகங்களில் பக்க வடிவமைப்பு, ஆட்டோகேட் வரைபடம், வீடியோ எடிட்டிங் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாரையும் டேட்டா என்ட்ரியிலேயே நிறுத்திவிடக் கூடாது. எக்செல் நன்றாக வந்தவரை அடுத்த படிக்கு அனுப்புவது மையத்தின் கடமை.

வேலை கொடுப்போருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசுப் பணியிடங்களில் நான்கு விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் ஒரு விழுக்காடு செவித்திறன் குறையுடையோருக்கு உரியது. சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டிய பொறுப்பு தனியார் நிறுவனங்களுக்கும் உண்டு. நடைமுறையில் தடை மிகச் சிறிய இடத்தில் இருக்கிறது: விண்ணப்பத்தைப் பார்த்ததும் நிறுவனத்தினர் அலைபேசியில் அழைக்கிறார்கள். எடுப்பதற்கு ஆளில்லை, அல்லது தாயார் எடுக்கிறார். அந்த விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுகிறது. தன்விவரக் குறிப்பில் "குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சல் மட்டும்" என்று எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதக் கற்றுக்கொடுங்கள். நேர்காணலில் மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால், ஒரே திரையில் இருவரும் மாறி மாறித் தட்டச்சு செய்து உரையாடலாம். தமிழ்ப் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கும் கூகுள் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியையும் பயன்படுத்தலாம். ஆயினும் பலர் ஒரே நேரத்தில் பேசும் கூட்டத்தில் அது தடுமாறும், ஊதியம், விடுப்பு பற்றிய பேச்சில் அதை மட்டும் நம்பக் கூடாது.

[காட்சி: வங்கிச் செயலி, அஞ்சல் பெட்டி, தட்டச்சு செய்யப்பட்ட மனு.]

கணினி கற்றவருக்கு வேலை கிடைக்கும் முன்பே வாழ்க்கை மாறத் தொடங்குகிறது. வங்கிக்குத் தம்பியைத் துணைக்கு அழைத்துப் போனவர், தன் கணக்கைத் தானே பார்க்கிறார். இராசாசி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவைத் தானே தட்டச்சு செய்து, தன் குறையைத் தன் சொற்களில் சொல்கிறார். அதுவரை அவருக்காகப் பிறர் பேசினார்கள்; எதைச் சொன்னார்கள் என்பதுகூட அவருக்குத் தெரியாமல் இருந்தது. வீட்டாரின் அன்பை நான் குறை கூறவில்லை. ஆயினும் தன் செய்தியைத் தானே அனுப்பும் உரிமை ஒரு மனிதருக்கு மிக அடிப்படையானது.

பயிற்சியில் சேர்வதற்கு முன் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) விண்ணப்பித்துவிடுங்கள். இட ஒதுக்கீட்டுக்கு நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டைச் சான்றளிக்கும் ஆவணம் வேண்டும். மையம் நடத்துவோர், மாணவருக்கு வேலை கிடைத்த நாளோடு பொறுப்பை முடித்துக்கொள்ளாமல், முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையாவது அந்த அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளரோடு சென்று, மேலாளருக்கும் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் இருபது முப்பது சைகைகளைக் கற்றுக்கொடுங்கள். தீ எச்சரிக்கை மணியோடு ஒளிரும் விளக்கு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.