ஒரு தீவின் படை: ராயல் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

ஒரு படையணியின் மரபு என்றதும் வென்ற போர்களின் பட்டியலும் பட்டுக்கொடியும் பதக்கங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட படையணியின் மரபோ, அரைமணி நேரத்தில் முடிந்துபோன ஒரு தோல்வியைச் சுற்றி வளர்ந்தது. பகுதிநேர வீரர்களைக் கொண்ட கனடாவின் காப்புப்படையைச் சேர்ந்த ராயல் நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் என்னும் காலாட்படையே அது. கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் திக்குத்தெரியாமல் தத்தளித்த 150-க்கும் மேற்பட்ட ஈழத்தமிழர்களைக் கடலில் கண்டு காப்பாற்றியவர்கள் அந்தத் தீவின் மீனவர்கள்தாம். அத்தகைய மீனவர், சீல் வேட்டையர், மரம்வெட்டிகள், கடைச் சிப்பந்திகள் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே இந்தப் படையும் அமைந்தது.

1914-இல் நியூஃபவுண்ட்லாந்து கனடாவின் பகுதியாக இருக்கவில்லை. பிரிட்டிஷ் பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற தனிநாடாக, ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களோடு அது இருந்தது. 1870-இல் பிரிட்டிஷ் காவற்படை வெளியேறிய பிறகு அங்கே தரைப்படை என்று எதுவும் இல்லை. முதல் உலகப்போர் மூண்டபோது கைவசம் இருந்தவை, தேவாலயங்களை ஒட்டி நடந்துவந்த சிறுவர் பயிற்சி அணிகள் மட்டுமே: ஆங்கிலிக்கருக்கு ஒன்று, கத்தோலிக்கருக்கு ஒன்று, மெதடிஸ்டுகளுக்கு ஒன்று, பிரெஸ்பிட்டேரியருக்கு ஒன்று. பள்ளிக்கூடம் முதல் அரசுப் பதவி வரை மதப்பிரிவின்படியே பங்கிட்டுக்கொண்ட ஒரு சமூகத்தில், இந்த நான்கு அணிகளின் இளைஞர்களும் தலைநகர் செயின்ட் ஜான்ஸுக்கு வெளியே பிளசன்ட்வில் திடலில் ஒரே வரிசைக் கூடாரங்களில் தங்கிப் பயின்றது சாதாரணச் செய்தியன்று. காக்கித் துணி போதாமையால் முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கட்டும் அவர்களுடைய கால்பட்டைகள் நீலத் துணியில் தைக்கப்பட்டன. அக்டோபர் தொடக்கத்தில் ஃப்ளோரிசெல் கப்பலில் புறப்பட்ட அந்த முதல் ஐந்நூறு பேரையும் ‘நீலப் பட்டைக்காரர்’ என்றே ஊர் இன்றும் பெருமையோடு குறிப்பிடுகிறது. பற்றாக்குறையில் வந்த ஒன்றே பட்டமாகிவிட்டது.

1915 செப்டம்பரில் துருக்கியின் கலிப்போலியில் உள்ள சுவ்லா விரிகுடாவில் இறங்கிய அப்படை, துருக்கியரின் தோட்டாக்களோடு நோய்க்கும் நவம்பர்ப் புயலின் கடுங்குளிருக்கும் ஈடுகொடுத்தது. ஆனால் அதன் வரலாறு திரும்பத் திரும்பச் சென்று நிற்கும் இடம், பிரான்சின் சொம் பகுதியில் உள்ள போமோன்ட்-ஹாமெல்.

1916 ஜூலை 1 காலையில் முதல் அலைகளாகச் சென்ற பட்டாலியன்கள் ஜெர்மானியரின் எந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயின. முன்னணி நிலவரத்தைத் தளபதிகள் சரியாக அறியாத நிலையில், சுமார் ஒன்பதேகால் மணிக்கு நியூஃபவுண்ட்லாந்துப் படைக்கு முன்னேறும் ஆணை வந்தது. முன்வரிசைக்குச் செல்லும் இணைப்புக் குழிகள் பிணங்களாலும் காயம்பட்டோராலும் அடைபட்டிருந்ததால், அவர்கள் பின்வரிசைப் பதுங்குகுழியிலிருந்தே வெட்டவெளியில் ஏறி நடக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் உடன் முன்னேறியிருக்க வேண்டிய எசெக்ஸ் என்னும் ஆங்கிலேயப் படை அதே நெரிசலில் சிக்கித் தாமதித்தது. ஆகவே அந்த வெளியில் அந்நேரம் நகர்ந்துகொண்டிருந்த இலக்கு இவர்கள் மட்டுமே. சொந்த முள்கம்பி வேலியின் இடைவெளிகளை நெருங்குமுன்பே பலர் விழுந்தனர். எஞ்சியோர், தம் ஊரில் பனிப்புயலுக்கு எதிரே நடப்பதுபோல் மோவாயைத் தோளோடு ஒடுக்கிக்கொண்டு நடந்ததாகப் பார்த்தவர்கள் பதிவு செய்துள்ளனர். ஏறத்தாழ 800 பேரில் மறுநாள் பெயர் அழைக்கப்பட்டபோது விடைசொன்னவர்கள் 68 பேர். மாண்டோரும் காணாமற்போனோரும் 300-ஐத் தாண்டினர்.

இங்கே ஒன்றைச் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஓர் ஊரிலிருந்து ஒன்றாகத் திரட்டிய படையில் அண்ணன் தம்பியும் பள்ளித் தோழரும் பக்கத்தில் நிற்பர். ஒருவர் நிற்பதைக் கண்டு மற்றவர் ஓடமாட்டார். அதுவே அதன் வலிமை. அத்தகைய படை ஒரே காலையில் அழியும்போது இழப்பும் ஒரே ஊரின்மேல் மொத்தமாக வந்து விழுகிறது. செயின்ட் ஜான்ஸின் ஏயர் என்னும் வணிகக் குடும்பத்தில் அன்று ஒரே நாளில் நால்வர் மாண்டனர். மூவர் இந்தப் படையின் அதிகாரிகள். நான்காமவர் ஆங்கிலேயப் படையொன்றில் இருந்தார். இந்தப் படையணியின் சடங்குகளைப் புரிந்துகொள்ள வேறு திறவுகோல் தேவையில்லை என்பது என் கருத்து.

படை அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1917 ஏப்ரலில் பிரான்சின் மோன்ஷி-ல-ப்ரூ கிராமத்தை, எசெக்ஸ் வீரர் ஒருவரையும் சேர்த்துப் பத்தே பேர் சுட்டுச்சுட்டுக் காத்து நின்றனர். அவ்வாண்டு இறுதியில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே ‘ராயல்’ என்னும் அடைமொழி அரசரால் வழங்கப்பட்டது. அப்போரில் வேறெந்தப் படையணிக்கும் இவ்வாறு கிடைக்கவில்லை. 1918 அக்டோபரில் பெல்ஜியத்தில் காட்டிய துணிவுக்காக 17 வயது டாமி ரிக்கெட்ஸ், வீரத்துக்கான மிக உயர்ந்த பிரிட்டிஷ் விருதான விக்டோரியா சிலுவை பெற்றார். பிற்காலத்தில் மருந்துக்கடை நடத்திய அவர், அந்தப் பதக்கத்தைப் பற்றி எவரேனும் பேச்செடுப்பதையே விரும்பவில்லை.

மரபுகளைப் பார்ப்போம். படையின் சின்னம் காரிபூ மானின் தலை. போர் முடிந்ததும் படையின் மதகுருவாக இருந்த தாமஸ் நாங்கிள் அடிகளார் போர்க்களங்களில் நிலம் பெற்று, சிற்பி பேசில் காட்டோ வடித்த வெண்கலக் காரிபூக்களை நிறுவச் செய்தார். போமோன்ட்-ஹாமெலில் பதுங்குகுழிகளையும் குண்டுப் பள்ளங்களையும் தூர்க்காமல் அப்படியே விட்டு அமைத்த நினைவுப் பூங்காவை 1925-இல் திறந்துவைத்தவர் ஹெய்க் பிரபு. 1916-இல் அந்தத் தாக்குதலுக்கு ஆணையிட்ட தலைமைத் தளபதியும் அவரே. அன்று கூடியிருந்த தாய்மார்கள் இதை எப்படி ஏற்றனரோ!

ஜூலை முதல் நாள் கனடா முழுவதற்கும் தேசிய நாள், கொண்டாட்ட நாள். நியூஃபவுண்ட்லாந்திலோ காலைப்பொழுது துக்கத்துக்குரியது. மற்றவர் நவம்பரில் அணியும் சிவப்புப் பாப்பிக்குப் பதிலாக, ‘மறவாதே’ என்று பெயர்கொண்ட சிறு நீலப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு மக்கள் போர் நினைவுச்சின்னத்துக்கு வருகின்றனர். படையணி அங்கே அணிவகுத்து நிற்கிறது. பிற்பகலில்தான் வாணவேடிக்கைக்கான ஏற்பாடெல்லாம்.

அந்தத் தீவு செலுத்திய விலை உயிர்களோடு முடியவில்லை. போர்க்கடனும் பொருளாதார மந்தமும் சேர்ந்து அழுத்தியதில் 1934-இல் அது தன்னாட்சியையே இழந்தது. 1949-இல் கனடாவோடு இணைந்தது. அதே ஆண்டு, 1919-இல் கலைக்கப்பட்ட படையணி கனடாவின் காப்புப்படைக் காலாட்படையாக மறுபிறப்பு எடுத்தது. 1795-இல் திரட்டப்பட்ட பழைய படையையும், பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மூண்ட 1812 போரில் வட அமெரிக்காவின் பெரும் ஏரிகளின் கரையில் போரிட்ட அதன் வழித்தோன்றலையும் தன் முன்னோராக அது உரிமை கொண்டாடுகிறது. இடையே நூறாண்டு வெற்றிடம் இருப்பதால், இதைக் குருதித் தொடர்ச்சி என்பதைவிடத் தத்து எடுத்த மூதாதையர் என்பதே பொருந்தும்.

இன்று அதற்கு இரண்டு பட்டாலியன்கள் உள்ளன. முதல் பட்டாலியன் இயங்குவது, நீலப் பட்டைக்காரர் கூடாரமடித்த அதே பிளசன்ட்வில்லில். இரண்டாவது தீவின் மத்தியிலும் மேற்கிலும். அவற்றில் சேர்வோர் மாணவர், ஆசிரியர், தச்சர், அலுவலர். வாரத்தில் ஓர் இரவு, மாதத்தில் ஒரு வார இறுதி, கோடையில் நீண்ட பயிற்சி என்று படைக்கும், மற்ற நேரம் பிழைப்புக்கும் உரியவர்கள். ஆப்கானிஸ்தானுக்கு இவர்களுள் சிலர் விரும்பிச் சென்று முழுநேரப் படைவீரரோடு பணியாற்றினர். 2020 ஜனவரியில் ஒரே நாளில் 76 செ.மீ. பனி கொட்டிச் செயின்ட் ஜான்ஸ் முடங்கியபோது, இந்தப் பகுதிநேர வீரர்களும் மண்வெட்டியோடு தெருவில் இறங்கி, முதியோர் வீடுகளின் வாசலை அடைத்திருந்த பனியை வாரிக்கொண்டிருந்தனர். பனியில் புதைந்திருந்த வாசல்களுள் அவரவர் வீட்டு வாசலும் இருந்திருக்கும்.

நன்றி. வணக்கம்.