மாலை மாத்துனா கல்யாணமா? முன்பின் தெரியாதவங்களுக்குக் கட்டி வைக்கிற டிவி ஷோக்களோட உள்கணக்கு

வணக்கம் மக்களே. முன்ன பின்ன பாத்தே இல்லாத ரெண்டு பேர டிவிக்காரங்க கூட்டிட்டு வந்து, மேடையில நிக்க வெச்சு, கல்யாணம் பண்ணி வைக்கிறாங்கல்ல, அந்த ஷோக்களப் பத்தித்தான் இன்னைக்கு வீடியோ. யாரு யாரோட சேந்தாங்க, யாரு கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு சொல்ல ஏகப்பட்ட சேனல் இருக்கு. நாம பாக்கப் போறது அதில்ல. ஒரே ஷோ ஏன் அமெரிக்காவுல ஒரு மாதிரியும் ஆஸ்திரேலியாவுல வேற மாதிரியும் ஓடுது? நம்ம ஊர்ல ஏன் அப்படி ஒண்ணு வரவே இல்ல? இதுக்கெல்லாம் பதில் நிபுணர் குழுகிட்ட இல்லைங்க. அந்தந்த ஊரு கல்யாணச் சட்டத்துல இருக்கு.

மொதல்ல 2000ஆம் வருஷம் பிப்ரவரி 15. ஃபாக்ஸ் சேனல், லாஸ் வேகாஸ். 50 பொண்ணுங்க, திரைக்குப் பின்னாடி நிழலா ஒரு கோடீஸ்வரர். நிகழ்ச்சி முடியறதுக்குள்ள ஒருத்தரத் தேர்ந்தெடுத்து, அங்கயே கல்யாணம். ஏன் லாஸ் வேகாஸ்? நெவாடா மாநிலத்துல கல்யாண லைசென்ஸுக்குக் காத்திருப்புக் காலமே கிடையாது. வாங்குன கையோட கட்டிக்கலாம். இதே நிகழ்ச்சிய நியூயார்க்ல வெச்சிருந்தா, லைசென்ஸ் வாங்கி 24 மணி நேரம் கழிச்சுத்தான் சடங்கு. டெக்ஸாஸ்ல 72 மணி நேரம். யாரக் கட்டிக்கப் போறோம்னே தெரியாம, மேடையிலயே தேர்ந்தெடுத்து அப்பவே தாலி கட்டுற மாதிரி ஷோவுக்கு இந்த மாதிரி ஊருதான் சரிப்படும்.

ஒளிபரப்பாகிச் சில நாள்லயே, அந்த மாப்பிள்ளை மேல முன்னாடி ஒரு பொண்ணு நீதிமன்றத்துல தடை உத்தரவு வாங்கியிருந்தது வெளிய வந்துச்சு. ஃபாக்ஸ் மறு ஒளிபரப்ப ரத்து பண்ணிடுச்சு. கல்யாணமும் கொஞ்ச மாசத்துல செல்லாதுன்னு ரத்தாச்சு. பின்னணி விசாரிக்காம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு டிவி உலகம் இன்னைக்கும் சொல்ற உதாரணம் இதுதான். நம்ம ஊர்ல தரகரே நாலு தெரு சுத்தி விசாரிச்சுட்டுத்தான் ஜாதகத்த நீட்டுவாரு. இவ்வளவு பெரிய சேனல் அந்த ஒரு வேலையில கோட்ட விட்டுச்சு.

அடுத்தது 'மேரிட் அட் ஃபர்ஸ்ட் சைட்', அதாவது முதல் பார்வையிலயே கல்யாணம். நிபுணருங்க பொருத்தம் பாத்துச் சேத்த ரெண்டு பேரு, கல்யாண மேடையிலதான் மொத தடவ ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. இது அமெரிக்கச் சரக்குன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. கிடையாது. 2013ல டென்மார்க்ல, டிஆர்3 சேனல்ல பிறந்தது. அங்கேர்ந்து 2014ல அமெரிக்கா, 2015ல ஆஸ்திரேலியா, அதே வருஷம் இங்கிலாந்து. பேரு ஒண்ணு, ஆனா உள்ள நடக்குறது வேற வேற.

அமெரிக்காவுல அது சட்டப்படி நிஜக் கல்யாணம். கையெழுத்துப் போட்டா போட்டதுதான். மொத சீசன்ல மூணே ஜோடி. பின்னாடி வந்த சீசன்கள்ல எட்டு வாரம் சேந்து வாழ்ந்துட்டு, கடைசியில ஒரு நாள் 'முடிவு நாள்'. அன்னைக்கு ரெண்டு பேரும் நிபுணருங்க முன்னாடி உக்காந்து தொடர்றோமா, விவாகரத்தான்னு சொல்லணும். நடுவுல வாரா வாரம் ஓட்டு, எலிமினேஷன் எதுவும் கிடையாது. எப்படி வெக்க முடியும்? ஒவ்வொரு பிரிவுக்கும் பின்னாடி நிஜமான கோர்ட் இருக்கே.

அந்தக் கோர்ட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்ஸாஸ்ல விவாகரத்து மனு போட்டா குறைஞ்சது 60 நாள் காத்திருக்கணும். வட கரோலினாவுல மனு போடறதுக்கு முன்னாடியே ஒரு வருஷம் தனித்தனியா வாழ்ந்திருக்கணும். ஒன்பதாவது சீசன் அந்த மாநிலத்துல இருக்கிற ஷார்லட் நகரத்துலதான் நடந்துச்சு. எட்டு வாரத்துல 'வேணாம்'னு டிவியில சொல்லிட்டாலும், சட்டத்துல ஒரு வருஷத்துக்கு மேல அவங்க புருஷன் பொண்டாட்டிதான். ஷோவுல இந்த வருஷத்த யாரும் காட்ட மாட்டாங்க, ஏன்னா அதுல காட்ட ஒண்ணுமில்ல. வக்கீல் ஃபீஸ் மட்டும்தான் இருக்கு.

இப்ப ஆஸ்திரேலியா. அங்க கல்யாணம் பண்ணணும்னா, ரெண்டு பேரு விவரத்தையும் எழுதி குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி பதிவு பெற்ற அலுவலர்கிட்ட நோட்டீஸ் குடுக்கணும். 1961 சட்டம். மாப்பிள்ளை பேரே தெரியாம எப்படி நோட்டீஸ்ல கையெழுத்துப் போடுறது? அதனால அங்க இந்த ஷோவ ஒளிபரப்புற நைன் நெட்வொர்க் சட்டத்த விட்டுட்டு சடங்க மட்டும் எடுத்துக்கிச்சு. மோதிரமும் உறுதிமொழியும் கல்யாணக் கேக்கும் உண்டு, சட்டப்படி எதுவும் கிடையாது.

அந்த ஒரு முடிவு ஷோவோட உடம்பையே மாத்திடுச்சு. விவாகரத்துச் செலவு இல்ல, அதனால ஜோடி எண்ணிக்கைய ஏத்தலாம். 2017 சீசன்லேர்ந்து பத்து ஜோடி, எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சு ராத்திரி விருந்து, வாரக் கடைசியில ஒரு சோஃபா. அந்தச் சோஃபாவுல ஆளுக்கொரு அட்டையில 'இருக்கேன்' இல்லன்னா 'போறேன்'னு எழுதணும். விதி என்னன்னா, ரெண்டு பேருமே 'போறேன்'னு எழுதுனாத்தான் வெளிய போகலாம். ஒருத்தர் 'இருக்கேன்'னு எழுதிட்டா இன்னொருத்தரும் அடுத்த வாரம் வரைக்கும் இருக்கணும். ஒத்துவராத ஜோடியக் கூட ஷோவுக்குள்ளயே பிடிச்சு வெக்கிற பூட்டு இது. சண்டை ஏன் ஓயவே மாட்டேங்குதுன்னு கேக்குறவங்களுக்கு, இந்த ஒத்த விதிதான் பதில்.

இது என் கற்பனைன்னு நினைச்சா இங்கிலாந்தப் பாருங்க. அங்க 28 நாள் நோட்டீஸ் உண்டு. சேனல் 4ல 2015லேர்ந்து சட்டப்படியான கல்யாணமாத்தான் நடத்துனாங்க, ஜோடிங்க கம்மி, ஆவணப்படம் மாதிரி அமைதியா போகும். 2021ல இ4 சேனலுக்கு மாத்தி, சட்டத்தக் கழட்டி விட்டாங்க. உடனே ஜோடி கூடிச்சு, விருந்து வந்துச்சு, சோஃபா வந்துச்சு. ஆஸ்திரேலியா அச்சு அப்படியே.

சரி, நிபுணருங்க பொருத்தம் பாக்குறதெல்லாம்? கேள்வித்தாள், உளவியல் சோதனை, நேர்காணல், இதெல்லாம் நடக்குது. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. உதாரணத்துக்கு 20 ஆண், 20 பெண் கடைசிப் பட்டியல்ல இருக்காங்கன்னு வெச்சுக்குவோம். 400 ஜோடி சாத்தியம். வயசு சரிவரணும்னா பாதி போச்சு, 200. குழந்தை வேணுமா வேணாமான்னு கேட்டா இன்னொரு பாதி, 100. மதம், சிகரெட், நாய் வளக்குறது, இருக்குற ஊர விட்டு வருவியா மாட்டியான்னு கேட்டுக்கிட்டே போனா பத்துப் பதினஞ்சுல வந்து நிக்கும். அதுலயும் ஒருத்தர ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். இதுக்கு மேல, அந்த 40 பேரும் நிபுணர்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே கேமரா முன்னாடி பேசத் தெரியுமான்னு வடிகட்டப்பட்டவங்க. கூச்ச சுபாவம் உள்ள நல்ல மனுஷன் மொத ரவுண்டுலயே வீட்டுக்குப் போயிருப்பான். பத்துப் பொருத்தத்துக்கு முன்னாடி பதினோராவதா கேமராப் பொருத்தம்.

'லவ் இஸ் பிளைண்ட்' இந்தப் பொருத்த வேலையே வேணாம்னு கைகழுவிடுச்சு. 2020 பிப்ரவரியில நெட்ஃப்ளிக்ஸ்ல வந்தது. சுவத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உக்காந்து முகம் பாக்காம பேசணும், பத்து நாள்ல நிச்சயம். அப்புறம் ஒரு ரிசார்ட், அப்புறம் ஒரே வீட்டுல சேந்து இருக்குறது, சில வாரத்துல கல்யாண மேடை. அங்க போய் 'ஆமா' இல்லன்னா 'இல்ல'. லைசென்ஸ் நிஜம், ஆனா மேடை வரைக்கும் வந்து மறுக்கலாம். சட்டத்துக்குள்ள ஒரு கால், வெளிய ஒரு கால். மொத சீசன்ல நிச்சயம் ஆன ஜோடி எட்டு. நமக்குக் காட்டுனது ஆறு. மத்த ரெண்டு ஜோடி கதை வெட்டுப்பட்டுப் போச்சு. கடைசியில ரெண்டு ஜோடிதான் கட்டிக்கிட்டாங்க.

அந்த ஷோவுல எல்லாரும் தங்கக் கலர் டம்ளர் வெச்சிருப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. கண்ணாடி டம்ளரா இருந்தா, ஒரு ஷாட்ல முக்கால், அடுத்த ஷாட்ல கால், அடுத்ததுல ஃபுல்லுன்னு குடிச்ச அளவு காட்டிக் குடுத்துடும். வெளியேர்ந்து பாத்தா உள்ள தெரியாத இந்த டம்ளர்ல என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு தெரியாது. எடிட்டர் ஒன்பது மணிப் பேச்சையும் பதினோரு மணிப் பேச்சையும் தாராளமா ஒட்டலாம்.

ஒட்டுறதுன்னதும் இன்னொண்ணு. 'ஃப்ராங்கன்பைட்'னு எடிட்டிங் ரூம்ல ஒரு வார்த்தை உண்டு. ஒருத்தர் வேற வேற நேரத்துல பேசுன துண்டுகளச் சேத்து ஒரே வாக்கியமா ஆக்குறது. கண்டுபிடிக்கிறது எப்படி? ஒரு வாக்கியம் பேசுறவரு முகத்துல ஆரம்பிச்சு, நடுவுல கேமரா ஸ்பூனுக்கோ, எதிர்ல இருக்குறவங்க முழிக்கிற முழிக்கோ, பேசுறவரோட பின்னந்தலைக்கோ தாவிடுச்சுன்னா சந்தேகப்படுங்க. குரல் உயரம் திடீர்னு மாறும், மூச்சு எடுக்குற சத்தம் காணாமப் போகும். அப்புறம் தனியா உக்காந்து பேசுற பேட்டிங்க. அந்தந்த நாள் பேசுன மாதிரி வரும், ஆனா சட்டையும் தலைவாரலும் வாரக்கணக்கா மாறாம இருந்தா, அது ஒரே உக்காருல எடுத்தது. நகப்பாலிஷப் பாருங்க, அது பொய் சொல்லாது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2009ல என்டிடிவி இமேஜின்ல ராக்கி சாவந்த் சுயம்வரம், நிச்சயத்தோட நின்னு அதுவும் முறிஞ்சது. 2010ல ராகுல் மகாஜன் நிஜமாவே டிவியில கட்டிக்கிட்டாரு, பின்னாடி விவாகரத்து. 2018ல கலர்ஸ் தமிழ்ல 'எங்க வீட்டு மாப்பிள்ளை', 16 பொண்ணுங்க, நடிகர் ஆர்யா. ஃபைனல்ல யாரையும் தேர்ந்தெடுக்கல. அன்னைக்கு எல்லாரும் திட்டுனாங்க. சட்டப் புத்தகத்தப் பிரிச்சு வெச்சுப் பாத்தா, அந்த மேடையில மாலை மாத்தாம இருந்தது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

ஏன்னு சொல்றேன், இங்க கொஞ்சம் கவனமா கேளுங்க. இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 1967ல சேத்த பிரிவு ஒண்ணு இருக்கு, 7ஏ. சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் குடுத்த பிரிவு. ஐயர் வேணாம், அக்கினி வேணாம், ஏழடி வேணாம். உறவினர், நண்பர், 'அல்லது வேறு நபர்கள்' முன்னிலையில, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கணவன் மனைவியா ஏத்துக்கறோம்னு புரியுற மொழியில சொன்னாலோ, மாலை மாத்துனாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டுனாலோ போதும். வேறு நபர்கள்ங்கறதுல கேமராமேனும் அடக்கம், லைட் பாயும் அடக்கம். ஊரறிய நடக்கணும்கற கட்டாயம் கூட இல்லன்னு 2023ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அப்ப சினிமாவுல ஹீரோ தாலி கட்டுறாரே? அது நடிப்பு, ரெண்டு பேருக்குமே கட்டிக்கிற எண்ணம் கிடையாது. ஆனா ரியாலிட்டி ஷோ 'இது நிஜம், இவங்க நிஜமா துணை தேடுறாங்க'ன்னு சொல்லித்தான் விக்குது. ரெண்டு பேரும் இந்துக்கள், வயசு 21, 18 ஆச்சு, ஏற்கனவே கல்யாணம் ஆகல. அவங்க சென்னையில ஒரு செட்ல 'இவர ஏத்துக்கறேன்'னு சொல்லி மாலை மாத்துனா, ஆஸ்திரேலியா மாதிரி 'சும்மா சடங்குதான்'னு கைய உதறிட்டுப் போக முடியாது. பதிவு பண்ணலையேன்னா, பதிவுங்கறது ஆதாரம்தான். கல்யாணத்த உண்டாக்குறது சடங்கு. இந்த வழக்குல ஆதாரம் ஆறு கேமராவுல எச்டியில இருக்கும்.

மாட்டிக்கிட்டா வெளிய வர்றதும் லேசு இல்ல. பிரிவு 14 படி, கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாம விவாகரத்து மனுவே போட முடியாது. அசாதாரணக் கஷ்டம்னு கோர்ட் அனுமதிச்சாத்தான் உண்டு. பரஸ்பர சம்மதம்னாலும் ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், அப்புறம் ஆறு மாசம். அந்த ஆறு மாசத்த கோர்ட் தள்ளுபடி பண்ணலாம். 'சடங்கு என்னன்னே தெரியாம ஏமாத்திட்டாங்க'ன்னா பிரிவு 12ல ரத்து கேக்கலாம், ஆனா மோசடி தெரிஞ்ச ஒரு வருஷத்துக்குள்ள கேக்கணும்.

சரி, சிறப்புத் திருமணச் சட்டத்துல போலாமேன்னு கேப்பீங்க. அங்க 30 நாள் நோட்டீஸ். பேரு, வயசு, தொழில், விலாசம் எல்லாம் எழுதி அலுவலகத்துல ஒட்டுவாங்க. மேடையில முகத்திரைய விலக்குற காட்சிக்கு முன்னாடியே யாரு வேணா போயி அந்தப் பலகையில படிச்சுட்டு வந்துடலாம். 'முதல் பார்வை' அங்கயே செத்துச்சு. அதனாலதான் நம்ம ஊரு ஷோ பெரும்பாலும் நிச்சயத்தோட நிறுத்திக்கும், இல்லன்னா ஃபைனல்ல வழுக்கிடும்.

கடைசியா, இந்த மாதிரி ஷோவுக்கு யாராவது உங்கள ஆடிஷனுக்குக் கூப்பிட்டா, ஒப்பந்தத்துல பாக்க வேண்டியது. 'லவ் இஸ் பிளைண்ட்' ரெண்டாவது சீசன்ல கலந்துகிட்ட ஒருத்தரு 2022ல கலிஃபோர்னியாவுல வழக்குப் போட்டாரு. வாரத்துக்கு 1,000 டாலர்தான் சம்பளம், நாளைக்கு 20 மணி நேரம் வரைக்கும் ஷூட்டிங், பாதியில போனா 50,000 டாலர் அபராதம்னு ஒப்பந்தம் இருந்துச்சுங்கறது குற்றச்சாட்டு. கம்பெனி மறுத்துச்சு, 2024ல 14 லட்சம் டாலர்ல சமரசம் ஆச்சு. அதனால மொதல்ல அபராதத் தொகை எவ்வளவுன்னு பாருங்க. நம்ம ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74 படி, எழுதுன தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீடு மட்டும்தான் கோர்ட் குடுக்கும். ஆனா அதுக்கு நீங்க கோர்ட்டுக்குப் போகணும். எந்த ஊரு கோர்ட், இல்ல மத்தியஸ்தமாங்கறது வேற ஷரத்துல சின்ன எழுத்துல இருக்கும்.

அப்புறம் ஷூட்டிங் நாள் கணக்கு, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம், ஃபோன வாங்கி வெச்சுக்குவாங்கன்னா அவசரத்துக்கு வீட்டுல யாருக்கு எப்படிச் சொல்லுவாங்க, எடுத்த காட்சிய எத்தன வருஷம் பயன்படுத்தலாம், ஒளிபரப்பான பிறகு மனநல ஆலோசனைக்கு யாரு காசு. முக்கியமா, செட்ல எந்தச் சடங்கு நடக்கும்னு எழுத்துல கேளுங்க. மாலை, மோதிரம், தாலி, இந்த மூணுல ஒண்ணு அந்தப் பட்டியல்ல இருந்து, உங்க செட் தமிழ்நாட்டுல இருந்தா, கையெழுத்துக்கு முன்னாடி ஒரு குடும்ப வக்கீல்கிட்ட அந்தத் தாளக் காட்டிடுங்க.