த்ரெட் கூட்டினா ஸ்லோ ஆகுதா? பெர்ஃப் சி2சி வச்சு கேஷ் லைன் சண்டையைப் பிடிப்போம்

வணக்கம் மக்களே. நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். உங்ககிட்ட ஒரு ப்ரோக்ராம் இருக்கு, 4 த்ரெட்ல ஓடுது, ஸ்பீடு பத்தலன்னு 8 த்ரெட் ஆக்குறீங்க, ஆக்கினா முன்ன இருந்ததை விட ஸ்லோவா ஓடுது. லாக் எதுவும் கிடையாது, டிஸ்க் சும்மா கிடக்கு, நெட்வொர்க்கும் சும்மா கிடக்கு, டாப் கமாண்ட் போட்டு பாத்தா எல்லா கோரும் நூறு பர்சன்ட்ல நிக்குது. எல்லாரும் மாங்கு மாங்குன்னு உழைக்கிறாங்க, வேலை மட்டும் நகரவே மாட்டேங்குது.

எனக்கு இது மொத தடவை வந்தப்போ முழுசா ரெண்டு நாள் போச்சு. லினக்ஸ்ல பெர்ஃப்னு ஒரு ப்ரொஃபைலர் இருக்கு, ப்ரோக்ராம்ல நேரம் எங்க போகுதுன்னு காட்டுற டூல், அதுல சாதாரண பெர்ஃப் ரெக்கார்ட் போட்டேன், இந்த வரிலதான் நேரம் போகுதுன்னு ஒரு வரியைக் காட்டுச்சு. என்ன வரின்னு பாத்தா, ஸ்டாப் ஆகலைன்னா திரும்ப லூப் சுத்துன்னு ஒரு வொயில். ஒரே ஒரு பூலியனைப் படிக்கிற வரி, அந்த பூலியன் ப்ரோக்ராம் முடியும்போது ஒரே ஒரு தடவைதான் மாறும், அதைப் படிக்கவா இவ்வளவு நேரம்னு நான் ப்ரொஃபைலர் மேலயே சந்தேகப்பட்டேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்கல்ல, அப்படியே அதுதான். ப்ரொஃபைலர் பொய் சொல்லல, அடி வாங்குறவன் யாருன்னு சரியாத்தான் காட்டுச்சு. அடிக்கிறவன் பக்கத்துல உக்காந்திருக்கான், அவனைக் காட்ட வேற டூல் வேணும். இன்னைக்கு வீடியோ அந்த டூல் பத்திதான்.

[திரையில்: ஒரு நீளமான பெட்டி, உள்ள 64 சின்ன கட்டம்]

முதல்ல கேஷ் லைன். கேஷ்னா சிபியு கோருக்குப் பக்கத்துலயே இருக்கிற சின்ன, வேகமான மெமரி. சிபியு மெமரில இருந்து ஒரு பைட் கேட்டா ஒரு பைட் மட்டும் வராது, மொத்தமா ஒரு துண்டா வரும், இன்டெல் ஏஎம்டி எதுவா இருந்தாலும் அந்த துண்டு 64 பைட், ஆப்பிளோட எம்1ல 128 பைட். இந்த துண்டுதான் கேஷ் லைன். ரெண்டு கோர் ஒரே லைனை சும்மா படிச்சிட்டு இருந்தா பிரச்சனையே இல்ல, ஆளுக்கு ஒரு காப்பி வச்சுக்குவாங்க. ஒருத்தர் எழுதணும்னு வந்தா மட்டும்தான் கதை மாறுது: எழுதுறதுக்கு முன்னாடி மத்த எல்லா கோர்லயும் இருக்கிற காப்பி செல்லாதுன்னு ஆக்கியாகணும். இதுக்கு எம்இஎஸ்ஐ, சுருக்கமா மெசி, அப்படின்னு ஒரு ப்ரோட்டோகால், மாடிஃபைட், எக்ஸ்க்ளூசிவ், ஷேர்டு, இன்வேலிட்னு நாலு நிலை, ஹார்ட்வேரே பாத்துக்கும், நம்ம கோட்ல ஒரு எழுத்து கூட இதைப் பத்தி இருக்காது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். ஹார்ட்வேருக்கு வேரியபிள் தெரியாது, லைன் மட்டும்தான் தெரியும். நீங்க ஒரு நோட்டுல மேல் வரில எழுதுறீங்க, நான் அதே பக்கத்துல கீழ் வரியைப் படிக்கிறேன்னு வைங்க. உங்க எழுத்துக்கும் நான் படிக்கிறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா நோட்டு ஒண்ணுதானே, நீங்க எழுதும்போதெல்லாம் என் கையில இருந்து பிடுங்கிட்டுப் போறீங்க, நான் திரும்ப வாங்கிட்டு வரேன், நீங்க திரும்ப பிடுங்குறீங்க. இதுக்குத்தான் ஃபால்ஸ் ஷேரிங்னு பேரு. ரெண்டு பேரும் உண்மையிலேயே ஒரே வரில எழுதினா அது ட்ரூ ஷேரிங், அது வேற வியாதி, கடைசில வரேன்.

இப்போ என் கையில இருந்த நோட்டு உங்ககிட்ட போயி, அதுல நீங்க புதுசா எழுதியும் வச்சிருக்கீங்க, நான் படிக்க வரேன். அப்போ என் கோர் மெமரிக்குப் போனா பழைய விஷயம்தான் கிடைக்கும், அதனால உங்க கோரோட கேஷ்ல இருந்துதான் எடுத்தாகணும். இப்படி ஒரு லோட், அதாவது மெமரியைப் படிக்கிற வேலை, போயி, இன்னொரு கோர்ல மாடிஃபைட் நிலைல இருக்கிற லைன்ல முட்டினா அதை ஹிட்எம்னு சொல்லுவாங்க. ஹிட், மாடிஃபைட், அவ்வளவுதான் பேருக்கு அர்த்தம். சாதாரணமா எல்1 கேஷ்ல கிடைச்சா நாலஞ்சு சைக்கிள்ல முடியுற வேலை, ஹிட்எம் ஆனா அதை விட பல மடங்கு இழுக்கும், அதுவும் அந்த இன்னொரு கோர் வேற சாக்கெட்ல, அதாவது அதே மெஷின்ல இருக்கிற இன்னொரு சிபியு சிப்புல, இருந்தா இன்னும் மோசம். ஒரே சாக்கெட்டுக்குள்ள நடந்தா லோக்கல் ஹிட்எம், சாக்கெட் தாண்டினா ரிமோட் ஹிட்எம். இந்த ரெண்டு பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க, ரிப்போர்ட் முழுக்க இதுதான் வரும்.

இந்த ஹிட்எம்மைத்தான் பெர்ஃப் சி2சி எண்ணிக் காட்டுது. சி2சின்னா கேஷ் டு கேஷ். ரெட் ஹேட் ஆளுங்க எழுதினது, லினக்ஸ் கெர்னல் 4.10ல, அதாவது 2017ல, பெர்ஃப்குள்ள சேந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்த வேலைக்கு ஆளுங்க ஹார்ட்வேர் கவுன்ட்டர் நம்பரைப் பாத்து ஊகம்தான் பண்ணிட்டு இருந்தாங்க.

சரி, டெமோ. ஒரு ஸ்ட்ரக்ட், அதுல ரெண்டே ரெண்டு ஃபீல்டு: ஸ்டாப்னு ஒரு பூலியன், கவுன்ட்னு ஒரு லாங். ஒரு த்ரெட் கவுன்ட்டை ஏத்திட்டே இருக்கும், இன்னொரு த்ரெட் ஸ்டாப்பைப் பாத்துப் பாத்து லூப் சுத்தும். ரெண்டுமே அட்டாமிக்கா இருக்கணும், அதாவது பல த்ரெட் ஒரே நேரத்துல தொட்டாலும் பாதுகாப்பான வேரியபிளா, இதுல நான் அசிங்கப்பட்டிருக்கேன், அதனால சொல்றேன். அட்டாமிக் இல்லாம எழுதி ஓ2ன்னு ஆப்டிமைசேஷன் ஆப்ஷன் போட்டு கம்பைல் பண்ணினா, கம்பைலர் ஸ்டாப்பை ஒரே ஒரு தடவை படிச்சுட்டு அப்புறம் பாக்கவே பாக்காது, லூப் நிக்கவே நிக்காது, கவுன்ட்டை ரெஜிஸ்டர்ல வச்சு கடைசில ஒரு தடவைதான் மெமரில எழுதும். அப்புறம் எங்கடா கேஷ் சண்டைன்னு தேடிட்டே இருக்க வேண்டியதுதான். அட்டாமிக்ல ரிலாக்ஸ்டு ஆர்டர்னு இருக்கிற ரொம்ப லேசான வகை போதும், அதுக்கு மேல வேண்டாம். கம்பைல் பண்ணும்போது மைனஸ் ஜி கட்டாயம் போடுங்க, இல்லைன்னா ரிப்போர்ட்ல எந்த ஃபைல் எந்த வரின்னு வராது.

[திரையில்: டெர்மினல்]

இப்போ டைப் பண்றேன் பாருங்க. பெர்ஃப், ஸ்பேஸ், சி2சி, ஸ்பேஸ், ரெக்கார்ட், அப்புறம் நம்ம ப்ரோக்ராம் பேரு. ஏற்கனவே ஓடிட்டு இருக்கிற சர்வரைப் பாக்கணும்னா ரெக்கார்டுக்கு அப்புறம் மைனஸ் ஏ போட்டு, ரெண்டு மைனஸ், ஸ்லீப் 5னு முடிச்சா மெஷின் முழுக்க அஞ்சு செகண்டுக்கு எடுத்துக்கும். ரொம்ப நேரம் ஓட்டாதீங்க, ஃபைல் ஊதிப் போயிடும், ரிப்போர்ட் வரவும் நேரம் ஆகும், அஞ்சு பத்து செகண்ட் தாராளம்.

பர்மிஷன் இல்லைன்னு திட்டுச்சுன்னா ரூட்டா ஓட்டுங்க, இல்ல கெர்னல்ல பெர்ஃப் ஈவென்ட் பாரனாய்டுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அதைக் குறைங்க. இந்த மெமரி ஈவென்ட்டே கிடையாதுன்னு சொல்லுச்சுன்னா நீங்க பெரும்பாலும் ஒரு விர்ச்சுவல் மெஷின்ல உக்காந்திருக்கீங்க. இந்த டூல் ஹார்ட்வேரோட உதவி இல்லாம ஒண்ணும் பண்ண முடியாது: இன்டெல்ல பெப்ஸ், ஏஎம்டில ஐபிஎஸ், ஆர்ம்ல எஸ்பிஇ. விர்ச்சுவல் மெஷினை ஓட்டுற ஹைப்பர்வைசர் இதை உள்ள விடலைன்னா தலைகீழா நின்னாலும் வராது, நேரடி மெஷின் ஒண்ணு தேடிப் பிடிங்க.

இன்னொண்ணு. இன்டெல்ல இது எல்லா லோடையும் எண்ணாது, சாம்பிள்தான் எடுக்கும், அதுவும் 30 சைக்கிளுக்கு மேல இழுக்கிற லோடை மட்டும்தான் டிஃபால்ட்டா பாக்கும். அதனால ரிப்போர்ட்ல ஹிட்எம் 500னு வந்தா 500 தடவைதான் நடந்துச்சுன்னு எடுத்துக்காதீங்க. எந்த லைன் மத்ததை விட தூக்கலா நிக்குதுன்னு பாக்கத்தான் இந்த நம்பர்.

இப்போ பெர்ஃப் சி2சி ரிப்போர்ட், கூடவே ஸ்டுடியோன்னு இல்ல, எஸ்டிடிஐஓ, அந்த ஆப்ஷன். அது போட்டா டெக்ஸ்ட்டா கொட்டும், போடலைன்னா கலர் ஸ்கிரீன் வரும், எனக்கு டெக்ஸ்ட்தான் வசதி, லெஸ்ல போட்டு தேடிக்கலாம்.

முதல் தடவை பாக்கிறவங்க இந்த ரிப்போர்ட்டைப் பாத்து பயந்து மூடிடுவாங்க, அகலம் அவ்வளவு, டெர்மினலைப் பெருசாக்கிக்கோங்க. மேல ரெண்டு டேபிள் மொத்தக் கணக்கு, அதுல லோட் லோக்கல் ஹிட்எம், லோட் ரிமோட் ஹிட்எம்னு ரெண்டு வரியைப் பாருங்க. மொத்த லோடுல இது சொற்பம்னா உங்க பிரச்சனை வேற எங்கயோ இருக்கு, இந்த வீடியோவையும் நிறுத்திட்டு அதைப் போய்ப் பாருங்க. ரிமோட் சைஃபர்னு வந்தா குழம்பாதீங்க, ஒரே சாக்கெட் இருக்கிற மெஷின்ல அப்படித்தான் வரும்.

மூணாவது டேபிள்ல லைன் லைனா ஹிட்எம் கணக்கு, அதிகமா அடி வாங்கினது மேல. நாலாவது, பேரட்டோன்னு இருக்கும், இதுதான் இந்த டூலோட உயிரே. இதுல ஒவ்வொரு கேஷ் லைனையும் தொறந்து உள்ள காட்டும். நம்ம டெமோல என்ன வந்திருக்கு பாருங்க.

[திரையில்: ஒரு லைன், அதுக்குக் கீழ ரெண்டு வரி]

ஒரே லைன் அட்ரஸ், அதுக்கடில ரெண்டு வரி. முதல் வரி ஆஃப்செட் 0: ஹிட்எம் கிட்டத்தட்ட மொத்தமும் இங்கதான், ஸ்டோர், அதாவது எழுதுற பக்கம், ஒண்ணுமே இல்ல. ரெண்டாவது வரி ஆஃப்செட் 8: ஸ்டோர் முழுக்க இங்க, ஹிட்எம் பேருக்கு. வலது பக்கம் போனா ரெண்டுக்கும் ஃபங்ஷன் பேரு, சோர்ஸ் ஃபைல், வரி நம்பர். அதாவது இந்த 64 பைட்டுக்குள்ள 0ஆவது பைட்டை ஒருத்தன் படிச்சுப் படிச்சு அடி வாங்குறான், எட்டு பைட் தள்ளி இன்னொருத்தன் எழுதிட்டே இருக்கான். சாதாரண பெர்ஃப் முதல் வரியை மட்டும் காட்டிட்டுப் போயிடும், இது ரெண்டு பேரையும் ஒரே இடத்துல நிக்க வச்சுக் காட்டுது. ரெண்டு நாள் தேடின விஷயம் ஒரு ஸ்கிரீன்ல.

உங்களுக்கு ஆஃப்செட் 0, 8னே வரணும்னு இல்ல, ஸ்ட்ரக்ட் லைனோட ஆரம்பத்துல இருந்து தொடங்கலைன்னா நம்பர் தள்ளிப் போகும், ஹெக்ஸ்ல வேற இருக்கும். நடுவுல எத்தனை பைட் வித்தியாசம்னு மட்டும் பிடிச்சுக்கோங்க. ஏன்னா இந்த டூல்ல எனக்கு இருக்கிற ஒரே குறை, வேரியபிள் பேரைச் சொல்லாது. கோட் எந்த வரின்னு சொல்லும், அந்த வரி எந்த ஃபீல்டைத் தொடுதுன்னு நாமதான் பாக்கணும். அதுக்கு பாஹோல்னு ஒரு குட்டி டூல் இருக்கு, மைனஸ் பெரிய சி போட்டு ஸ்ட்ரக்ட் பேரும் பைனரி பேரும் குடுத்தா, எந்த ஃபீல்டு எத்தனாவது பைட்ல இருக்கு, நடுவுல எங்க ஓட்டை, 64 பைட் எல்லை எங்க வருதுன்னு கோடு போட்டுக் காட்டும். நம்ம ஸ்ட்ரக்டுக்கு போட்டா: ஸ்டாப் 0ல 1 பைட், 7 பைட் ஓட்டை, கவுன்ட் 8ல 8 பைட், மொத்தம் 16.

சரி பண்றது ரொம்ப சின்ன வேலை. கவுன்ட்டுக்கு முன்னாடி அலைன்ஆஸ் 64 போடுங்க, 64 பைட் எல்லைலதான் இது தொடங்கணும்னு கம்பைலருக்குச் சொல்றது அது. இப்போ பாஹோல்ல பாத்தா கவுன்ட் 64ல போய் உக்காந்திருக்கும், நடுவுல 63 பைட் ஓட்டை, ஸ்ட்ரக்ட் மொத்தம் 128 பைட். 9 பைட் சரக்குக்கு 128 பைட் டப்பா, பாக்க வயிறு எரியும்தான், ஆனா திரும்ப சி2சி ஓட்டினா அந்த லைன் டேபிள்ல இருந்தே காணாமப் போயிருக்கும். ஜாவாக்காரங்களுக்கு ஜேடிகே 8ல இருந்து கன்டென்டட்னு ஒரு அனொட்டேஷன் இருக்கு, சி++17ல 64ன்னு கையால எழுதாம இருக்க ஹார்ட்வேர் டிஸ்ட்ரக்டிவ் இன்டர்ஃபெரன்ஸ் சைஸ்னு மூச்சு முட்டுற பேர்ல ஒரு கான்ஸ்டன்ட் இருக்கு.

இதுல ரெண்டு இடத்துல சறுக்குவீங்க. அலைன்ஆஸ் போட்டுட்டு அந்த ஸ்ட்ரக்டை சாதாரண மேலாக்ல, அதாவது ஓடும்போது மெமரி வாங்குற ஃபங்ஷன்ல, எடுத்தா அது 64 பைட் எல்லைல தொடங்கும்னு நம்ப முடியாது, லினக்ஸோட சி லைப்ரரி ஜிலிப்சில மேலாக் 16 பைட் எல்லைக்குத்தான் கேரண்டி குடுக்கும், அலைன்டு அலாக் வச்சு எடுங்க. அதே மாதிரி, தனித்தனியா மேலாக் பண்ணின ரெண்டு குட்டி ஆப்ஜெக்ட் ஒரே லைன்ல பக்கத்துல பக்கத்துல வந்து உக்காரலாம், அப்போ ஸ்ட்ரக்டை எவ்வளவு உத்துப் பாத்தாலும் தப்பு தெரியாது. ரெண்டாவது, இன்டெல்ல பக்கத்து லைனையும் சேத்து இழுக்கிற ப்ரீஃபெட்சர் ஒண்ணு இருக்கு, லைனை ஜோடி ஜோடியா பாக்கும், அதனால சில பேர் 128ன்னே பேடிங், அதாவது நடுவுல காலி இடம், போடுறாங்க. நான் முதல்ல 64 போட்டு அளப்பேன், மிச்சம் இருந்தாதான் 128. இதைப் பாத்துட்டு இருக்கிற எல்லா ஸ்ட்ரக்டுக்கும் அலைன்ஆஸ் போட்டுக் குவிச்சுடாதீங்க, கேஷே நிறைஞ்சு வேற விதமா ஸ்லோ ஆகும்.

ட்ரூ ஷேரிங்கை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? பேரட்டோல ஆஃப்செட் ஒண்ணே ஒண்ணு, அதுலயே ஹிட்எம், அதுலயே ஸ்டோர், எத்தனை சிபியு தொட்டுச்சுன்னு காட்டுற சிபியு கவுன்ட் நெடுவரிசைல நம்பர் பெருசா. அப்படின்னா எல்லாரும் உண்மையிலேயே ஒரே வேரியபிளைத்தான் அடிச்சுக்கிறாங்க. இதுக்கு பேடிங் போட்டா நயா பைசா பிரயோஜனம் இல்ல. கவுன்ட்டர்னா த்ரெட்டுக்கு ஒண்ணா பிரிச்சு வச்சு, நம்பர் வேணும்கிறப்போ கூட்டிக்கோங்க. லாக்னா டிசைனையே மாத்தணும், அது இந்த வீடியோல அடங்காது.

என் கேஸ்ல என்ன ஆச்சுன்னா, அந்த ஸ்டாப் ஃபிளாக் பக்கத்துல யாரோ டீபக்குக்காக ஒரு கவுன்ட்டர் சேத்திருந்தாங்க, அதை யாரும் படிக்கிறது கூட இல்ல, ஏத்தறது மட்டும் நடந்துட்டே இருந்துச்சு. தூக்கினேன், சரியாச்சு. ஆனா இன்னொருத்தர் நாளைக்கு வேற ஃபீல்டு ஒண்ணை அங்க சொருகினா கதை முதல்ல இருந்து ஆரம்பிக்கும், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும், ஸ்லோ மட்டும் ஆகும். அதனால ஸ்டாப்போட ஆஃப்செட்டும் அடுத்து எழுதப்படுற ஃபீல்டோட ஆஃப்செட்டும் 64ஆல வகுத்தா ஒரே ஈவு வரக்கூடாதுன்னு ஒரு ஸ்டாட்டிக் அசர்ட், அதாவது கம்பைல் ஆகும்போதே நடக்கிற சோதனை, போட்டேன், ஸ்ட்ரக்டுக்கும் 64 அலைன்மென்ட். இப்போ யாராவது கலைச்சா பில்டே ஆகாது, அடுத்த மாசமே ஒருத்தர் இதுல மாட்டிட்டு இந்த வரி எதுக்குன்னு என்கிட்ட வந்து கேட்டார், இந்த டெமோவை அவருக்காகத்தான் முதல்ல எழுதினேன்.