அக்யூரேட்ரிப்பில் பதிவே இல்லாத நாதஸ்வர சிடி: எடுத்த ஃபைலை நம்பலாமா?

கும்பகோணத்துலேருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "சிடியில இருக்கிற பாட்டைக் கம்ப்யூட்டர் ஃபைலா எடுக்கிற எக்ஸாக்ட் ஆடியோ காப்பி சாஃப்ட்வேர் வச்சு அப்பாவோட நாதஸ்வர சிடியெல்லாம் எடுக்கிறேன். ஒவ்வொரு ட்ராக்குக்கும் அக்யூரேட்ரிப்ல பதிவு இல்லைன்னே வருது. எங்க தப்பு?"

தப்பு எதுவும் இல்லீங்க. இதே சிடியை மத்தவங்க எடுத்தப்போ வந்த செக்சம்மோட (ஃபைல்லேருந்து கணக்கிட்ட அடையாள எண்ணோட) உங்களோடதை ஒப்பிடுறதுதான் அக்யூரேட்ரிப். யாருமே அனுப்பலைன்னா ஒப்பிட ஒண்ணும் இருக்காது. கோயில் திருவிழாவுல பதிஞ்சு ரைட் பண்ணிக் கொடுத்த சிடி-ஆர் அங்க எப்படிக் கிடைக்கும்?

அதனால 'டெஸ்ட் அண்ட் காப்பி' கொடுங்க. ஒரே ட்ராக்கை ரெண்டு தடவை படிச்சு ரெண்டு சிஆர்சி காட்டும், அதுவும் ஒரு வகை செக்சம்தான். ரெண்டும் ஒண்ணா இருக்கணும். ட்ரைவ் ஆப்ஷன்ஸ்ல, திரும்பத் திரும்பப் படிச்சு சரிபார்க்கிற செக்யூர் மோட் இருக்கட்டும். உங்க ட்ரைவ் ஆடியோவை கேஷ் பண்ணுதுன்னா (படிச்சதை மெமரியில வச்சுக்குதுன்னா) அதுக்கான டிக்கும் அவசியம். இல்லாட்டி ரெண்டாவது தடவை தகட்டைப் படிக்காம, மெமரியில இருக்கிறதையே திருப்பிக் கொடுத்துடும். சிஆர்சி ஒத்துப்போகும், ஆனா அதுக்கு அர்த்தமில்லை. படிக்கிறப்போ பிழை வந்துச்சான்னு ட்ரைவே சொல்ற சி2-வை நான் ஆஃப்லதான் வைக்கச் சொல்வேன், நிறைய ட்ரைவ் அதுல பொய் சொல்லுது.

இவ்வளவு மெனக்கெடுறது ஏன்னா, டேட்டா சிடியில இருக்கிற கூடுதல் பிழைதிருத்தம் ஆடியோ சிடியில கிடையாது. படிக்க முடியாத இடத்தை ட்ரைவ் உத்தேசமா நிரப்பிட்டுப் போயிடும். மழமழன்னு போற ஆலாபனையில அது காதுக்கே தெரியாது. தவில் தனியில 'டிக்'குனு கேட்கும்.

ஒவ்வொரு ட்ரைவும் ட்ராக்கைச் சில சாம்பிள் முன்னயோ பின்னயோ தள்ளிப் படிக்கும், அந்த வித்தியாசம்தான் ஆஃப்செட். அதைத் தானா கண்டுபிடிக்க, அக்யூரேட்ரிப் பதிவுல இருக்கிற சிடி ஒண்ணு வேணும். நிறையப் பேர் வாங்கின சினிமாப் பாட்டு ஒரிஜினல் சிடி போட்டுப் பாருங்க. இல்லாட்டி ட்ரைவ் மாடலை அக்யூரேட்ரிப் பட்டியல்ல தேடி எண்ணைக் கையால போடலாம். பல ட்ரைவுக்கு +6, சிலதுக்கு +667. 667 சாம்பிள்னாலும் 15 மில்லிசெகண்டுதான், பயப்பட வேண்டாம்.

நார்மலைஸ் (சத்த அளவை மாத்துறது), முன்பின் அமைதியை வெட்டுறது, ரெண்டும் வேண்டாம். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி ட்ராக்கா இருந்தா, எம்பி3-ல நடுவுல சின்ன இடைவெளி விழலாம். ஒலி எதுவும் இழக்காம சுருக்குற ஃபிளாக்ல விழாது. ஒரு மணி நேரம், சுருக்காத வேவ்ல சுமார் 635 எம்பி, ஃபிளாக்ல ஏறக்குறைய பாதி.

சிஆர்சி ஒத்துவரலைன்னா, சோப்புத் தண்ணியில கழுவி, நடுவுலேருந்து விளிம்புக்கு நேரா துடைச்சு, வேற ட்ரைவ்ல போடுங்க. லேபிள் பக்கம் ஆழமா கீறியிருந்தா பிரதிபலிக்கிற படலமே போயிருக்கும், கழுவி பிரயோஜனம் இல்லை. சிடி-ஆர்னா இன்னும் தள்ளிப்போடாதீங்க, வெயிலுக்கும் சூட்டுக்கும் அதோட சாயம் வெளுத்துக்கிட்டே இருக்கு.