சினைப்பை இருக்கிறதா?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

என் அறைக்கு வந்து உட்கார்ந்ததும் பல பெண்கள் முதலில் சொல்வது இதைத்தான்: “கர்ப்பப்பையை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு டாக்டரம்மா. அதுக்கப்புறம்தான் இந்த சுகர் வந்துச்சு.” நான் உடனே கேட்பேன்: “சினைப்பையையும் சேர்த்து எடுத்தாங்களா, கர்ப்பப்பையை மட்டுமா?” பெரும்பாலும் பதில் வராது. அந்த அம்மா கூட வந்த கணவரைப் பார்ப்பார். அவர் மகனைப் பார்ப்பார். “எல்லாத்தையும் எடுத்துட்டோம்னுதான் சொன்னாங்க” என்பார் மகன். எது அந்த ‘எல்லாம்’ என்று மூவருக்குமே தெரியாது.

நான் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பார்க்கிறவள். அறுவை சிகிச்சை செய்கிறவள் அல்ல. ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அந்த அம்மாவின் சர்க்கரையை எனக்கு முழுதாகப் புரிந்துகொள்ள முடிவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

கர்ப்பப்பை பிள்ளையைச் சுமக்கிற இடம். மாதாமாதம் உதிரம் வெளியேறுவதும் அதிலிருந்துதான். ஆனால் பெண்மைக்குரிய ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது அதன் இருபுறமும் இருக்கிற சினைப்பைகள். கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஹார்மோன் நிற்காது. சினைப்பைகள் இரண்டையும் சேர்த்து எடுத்தால், இயற்கையில் சில ஆண்டுகளாக மெல்ல நடக்க வேண்டிய ஹார்மோன் குறைவு சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும். உடலுக்குப் பழகிக்கொள்ள அவகாசமே கிடைக்காது.

அந்த ஈஸ்ட்ரோஜனுக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நாம் பட்டினி கிடக்கும்போதும் கல்லீரல் சர்க்கரையைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. அது அளவுக்கு மீறாமல் பார்த்துக்கொள்வதில் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. இன்சுலினின் சொல்லுக்குத் தசைகள் கீழ்ப்படிவதிலும், கணையத்தில் இன்சுலினைச் சுரக்கிற செல்கள் தாக்குப்பிடிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. இன்னொன்று, கொழுப்பு உடம்பில் எங்கே சேர வேண்டும் என்பது. ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை அது இடுப்பிலும் தொடையிலும் தங்கும், அதனால் அவ்வளவு கெடுதல் இல்லை. ஈஸ்ட்ரோஜன் போனபின் வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. “எடை மெஷின்ல அதே 62 கிலோதான் காட்டுது, பாவாடை நாடா மட்டும் எட்ட மாட்டேங்குது” என்று ஒரு அம்மா சொன்னார். அதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. அந்த வயிற்றுக் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

சினைப்பையை விட்டுவைத்திருந்தால் கவலையே இல்லையா? பெருமளவு இல்லை. ஆனால் சினைப்பைக்குப் போகிற ரத்தத்தில் ஒரு பகுதி கர்ப்பப்பையின் ரத்தக்குழாய் வழியாகப் போகிறது. அதைக் கட்டி அறுத்தபின் சிலருக்குச் சினைப்பை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோகிறது. மற்றப் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போய், “காலம் முடியப்போகிறது” என்று தெரியும். இவர்களுக்கு அந்த அறிகுறியே கிடையாது. ஓய்ந்தது எப்போது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடுகிறது.

இதைக் கேட்டுவிட்டு, கர்ப்பப்பையை எடுத்ததால்தான் சுகர் வந்தது என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பல ஆயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், இரண்டு சினைப்பைகளையும் இளவயதிலேயே இழந்தவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வந்திருப்பது உண்மை. ஆனால் அறுவை சிகிச்சை வரை போகிற பெண்களில் பலருக்கு முன்பே உடல் எடை கூடியிருக்கும். சிலருக்குப் பிள்ளைப்பேற்றின்போதே சர்க்கரை வந்து போயிருக்கும். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ நீரிழிவு இருக்கும். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் சில வாரங்கள் தனிக் கதை. வயிற்றைத் திறந்தாலும் சரி, துளை போட்டுச் செய்தாலும் சரி, உடம்பு அதை ஒரு காயமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கார்ட்டிசால், அட்ரினலின் என்கிற நெருக்கடிநேர ஹார்மோன்கள் ஏறும், கூடவே சர்க்கரையும் ஏறும். வாந்தி வராமலிருக்கப் போடுகிற டெக்சாமெத்தசோன் ஊசியாலும் ஓரிரு நாள் ஏறும். இது பெரும்பாலும் தானே இறங்கிவிடும். இறங்காவிட்டால் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்திருக்கிறதா என்றும், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தானே இறங்காதது வீட்டில் நடப்பது. “ஆறு வாரம் கனமான பொருளைத் தூக்கக் கூடாது” என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வருவதற்குள் அது “மூணு மாசம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது” என்று ஆகிவிடும். பாசத்தில்தான் செய்கிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆயுள் முழுக்க உட்கார நேரமில்லாதவளை இப்போதாவது உட்காரவைப்போமே என்று மகள்கள் நினைக்கிறார்கள். காலையில் பாலில் கலக்கிய சத்துமாவு, பதினொரு மணிக்கு மாதுளை ஜூஸ், மதியம் குழைந்த சோறு, சாயங்காலம் ரொட்டி, ராத்திரி கஞ்சி. படுத்தே கிடந்தால் தொடைத் தசை சீக்கிரம் இளைக்கும். சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை உள்வாங்குவது தசைதான். ஒருபக்கம் ஈஸ்ட்ரோஜன் இல்லை, மறுபக்கம் தசையும் இல்லை என்றால் சர்க்கரை எங்கே போகும்? பாத்திரம் பண்டம் தூக்க வேண்டாம். ஆனால் மருத்துவர் அனுமதித்த நாளிலிருந்து திண்ணைக்கும் வாசலுக்குமாவது நடக்க வையுங்கள். கஞ்சியோடு ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ கொடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதை ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற சகோதரிகள் கவனமாகக் கேட்க வேண்டும். ஈஸ்ட்ரோஜன் திடீரென்று குறைந்தால் உடம்பு குப்பென்று சூடாகும், முதுகு நனைய வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். சர்க்கரை தாழ்ந்தாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் இருக்கும். ஒரு அம்மா ராத்திரி மூன்று தடவை எழுந்து வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார். காலையில் சர்க்கரை 240. குளுக்கோமீட்டர் வாங்கி, வேர்க்கிற நேரத்தில் பார்க்கச் சொன்னேன். 170, 185 என்று காட்டியது. அது தாழ்சர்க்கரையே அல்ல! 70-க்குக் கீழே காட்டினால்தான் தாழ்சர்க்கரை. கருவி கையில் இல்லாமல் மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் இனிப்பைச் சாப்பிட்டுவிடுங்கள், அதில் தயங்க வேண்டாம். ஆனால் தினமும் இப்படி வருகிறது என்றால் சோதித்துப் பார்க்காமல் சாப்பிடாதீர்கள்.

மூன்று மாதச் சராசரி என்று சொல்கிறோமே, சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கிற சர்க்கரையை அளக்கிற எச்பிஏ1சி, அது இந்தப் பெண்களிடம் ஏமாற்றும். கர்ப்பப்பைக் கட்டியால் மாதக்கணக்கில் அதிக உதிரப்போக்கு இருந்தவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கும். அப்போது இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். பிறகு ரத்தம் ஏற்றுவார்கள், இரும்பு மாத்திரை கொடுப்பார்கள். புதுச் சிவப்பணுக்கள் வந்து சேரும்போது எண் குறைந்துவிடும். சர்க்கரை குறைந்ததாக வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதனால் முதல் மூன்று நான்கு மாதங்களுக்கு வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் நேரடியாகப் பார்க்கிற சர்க்கரையைத்தான் நான் நம்புவேன். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படி. 126-ம் அதற்கு மேலும் இரண்டு முறை வந்தால் நீரிழிவு.

குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்துவிட்டால் சரியாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் கர்ப்பப்பை எடுத்த 10,739 பெண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜன், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களில் புதிதாக நீரிழிவு வந்தவர்கள் சற்றுக் குறைவு. ஆனால் பக்கவாதம் கூடியதால் 2004-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே சர்க்கரைக்காக மட்டும் இந்த மாத்திரையை நாங்கள் தருவதில்லை. ஆனால் அந்தப் பெண்கள் 50 முதல் 79 வயதுக்காரர்கள். 35 வயதில் இரு சினைப்பையையும் இழந்தவரின் நிலைமை வேறு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற தடைகள் இல்லையென்றால், இயற்கையாக மாதவிலக்கு நிற்கிற வயதுவரை ஹார்மோன் கொடுப்பதைப் பற்றி அவருடன் கட்டாயம் பேச வேண்டும். எலும்புக்கும் இதயத்துக்கும்கூட அது தேவை. அப்படிப் பேசப்பட்ட ஒரு பெண்ணைப் பார்ப்பது எனக்கு அபூர்வமாகவே இருக்கிறது.

இளவயது என்று சொன்னேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது இந்தியப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்குமேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நூற்றுக்கு எட்டுக்குமேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள், ஒருநாள் வராவிட்டால் கூலி பிடிப்பார்களே என்று பயந்து இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டதை 2019-ல் நாடே பார்த்தது. தேவையற்ற இந்த அறுவைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புற்றுநோய்க்கோ நிற்காத உதிரப்போக்குக்கோ எடுத்தே ஆக வேண்டிய நேரம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வெள்ளைப்படுகிறது, முதுகு வலிக்கிறது என்பதற்காக எடுக்கிறார்களே, அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முதலில் சொன்ன அந்த அம்மாவை மறுவாரம் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துவரச் சொன்னேன். பீரோவுக்குள் சேலைக்கு அடியில் இருந்ததாம். அதில் ‘டிஏஹெச் – பிஎஸ்ஓ’ என்று போட்டிருந்தது. டிஏஹெச் என்றால் வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தது. பிஎஸ்ஓ என்றால் இருபக்கச் சினைப்பையும் சினைக்குழாயும் எடுத்தாயிற்று என்று பொருள். அப்போது அவருக்கு வயது 38. சொன்னதும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மாத்திரையைத் திருத்தி எழுதினேன். மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் ஹார்மோன் ஆலோசனைக்கு அனுப்பினேன். தினமும் அரைமணி நடைக்கு ஒப்புக்கொண்டார்.

எழுந்து போகும்போது கதவருகே நின்றார். “தங்கச்சிக்கும் அடுத்த மாசம் ஆபரேஷன்னு நாள் குறிச்சிருக்காங்க டாக்டரம்மா. அவளை என்ன கேக்கச் சொல்லட்டும்?” மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கட்டியை மட்டும் எடுக்க வழியில்லையா? சினைப்பை நன்றாக இருந்தால் அதை ஏன் எடுக்க வேண்டும்? எடுத்தால் அதன்பிறகு எனக்கு என்ன மருந்து? சர்க்கரையை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும்?

அதை இரண்டாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

வணக்கம்.