டிரைவரோட வலது பக்கம் நின்ன ரெண்டு ராடு

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார்னா எனக்குக் கொஞ்சம் பைத்தியம், எங்க வீட்ல காதைப் பொத்திக்கிட்டாங்க, அதனால இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க. 1906ல வந்த ரோல்ஸ் ராய்ஸ் 40/50, சில்வர் கோஸ்ட்னு சொல்வோமே, அந்த வண்டி போட்டோவைப் பாத்தா எல்லாரும் ரேடியேட்டரைத்தான் பாப்பாங்க, நான் டிரைவர் சீட்டுக்கு வலது பக்கம் பாப்பேன். நல்லா நீட்டமா ரெண்டு ராடு நிக்கும், ஒண்ணு கியர், ஒண்ணு ஹேண்ட் பிரேக். டிரைவரே வலது பக்கம்தான் உக்காந்திருக்கார், அவருக்கும் வலது பக்கத்துல, வண்டியோட ஓரத்துல! நமக்கு பஸ்லயும் லாரிலயும் கியர் இடது கைல பாத்துப் பழக்கம், பழைய அம்பாசடர்ல ஸ்டீயரிங்கிட்ட இருக்கும், இப்படி கதவோரம் யாராவது வைப்பாங்களான்னு தோணும்.

காரணம் இருக்கு. அப்பல்லாம் கம்பெனி முழுக் காரை விக்காது, சேஸிஸ், அதாவது என்ஜினும் சக்கரமும் மாட்டின அடிச்சட்டம், அது மட்டும்தான் தரும், மேல பாடி கட்டுறதுக்கு பார்க்கர், ஹூப்பர்னு தனியா பட்டறைங்க. இங்க கரூர்ல பஸ் பாடி கட்டுறாங்கல்ல, அதே ஏற்பாடுதான். அப்ப கியர் ராடு யாரோட பொறுப்பு? கம்பெனியோடது. பாடி எப்படி வருமோ தெரியாது, அதனால ராடை சேஸிஸ் ஃபிரேம்லயே, ஓரத்துலயே புடிச்சு வெச்சுட்டா பட்டறைக்காரன் என்ன கட்டினாலும் கவலையில்ல. கியர்பாக்ஸும் இப்ப மாதிரி என்ஜினோட ஒட்டி இருக்காது, தனியா பின்னாடி தள்ளி சீட்டுக்குக் கீழ கிடக்கும், அங்கேருந்து குறுக்கால ஒரு ஷாஃப்ட் ஃபிரேம் ஓரம் வரைக்கும் வரும், அது மேல ராடு. இதனால டிரைவர் பக்கத்துக் கதவு பல வண்டில திறக்கவே திறக்காது, ஸ்டெப்னியைக்கூட அங்கதான் சாத்தி வெச்சிருப்பாங்க, டிரைவர் மறுபக்கமா ஏறி நகந்து வந்து உக்காரணும். முதலாளி பின் சீட்ல இருக்கார், டிரைவர் எப்படி ஏறினா அவருக்கென்ன!

பிரேக்குக்கு வர்றேன். ஹேண்ட் பிரேக்னா நமக்கு வண்டியை நிறுத்தினப்பறம் இழுக்குறது. அப்ப அப்படி இல்ல, இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கங்க. கோஸ்ட்ல ஆரம்பத்துல கால் பிரேக் புடிச்சது சக்கரத்தை இல்ல, புரொபெல்லர் ஷாஃப்டை, அதாவது கியர்பாக்ஸ்லேருந்து பின் சக்கரத்துக்கு சுழற்சியைக் கொண்டுபோற தண்டை. பின் சக்கர டிரம்மைப் புடிச்சது கை பிரேக்தான். நாலு சக்கரத்துக்கும் பிரேக், அதுக்கு செர்வோ, அதாவது கால் மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் குடுக்குற அமைப்பு, இதெல்லாம் 1924 வாக்குலதான். மலை இறக்கத்துல கால் பிரேக்கை மட்டும் நம்பினா ஷாஃப்ட் பிரேக் சூடேறிடும், பின்னாடி இருக்குற பல் சக்கரம் எல்லாத்துக்கும் அடி விழும், அதனால டிரைவர் கை அந்த ராடுலயே இருக்கணும். கையால இழுத்து ரெண்டு டன் வண்டியை நிறுத்தணும்னா நீட்டமான ராடு வேணும், பலமான கை வேணும். மறுபடி சொல்றேன், கை பிரேக்தான் சக்கரத்தைப் புடிச்ச பிரேக்.

இப்ப எனக்குப் புடிச்ச கதை. கியர் மாத்துறது அப்ப பெரிய தலைவலி, பல் சக்கரங்களோட வேகத்தைத் தானா ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோமெஷ் கிடையாது, தப்பாப் போட்டா பல்லு கத்துற சத்தம் பின் சீட்டுக்குக் கேக்கும், மானம் போயிடும். அதனால கியரே மாத்தவேண்டாத வண்டிதான் உசத்தின்னு ஒரு போட்டி. 1911ல நேப்பியர் கம்பெனி லண்டன்லேருந்து எடின்பரோவுக்கு டாப் கியர்லயே போய்க் காமிச்சாங்க. ரோல்ஸ் ராய்ஸ் விடுவாங்களா? அதே வருஷம் எர்னெஸ்ட் ஹைவ்ஸ், பின்னாடி அந்தக் கம்பெனிக்கே தலைவரானவர், அவர் ஓட்டி, போக வர சுமார் 800 மைல், முழுக்க டாப் கியர்ல. கேலனுக்கு 24 மைலுக்கு மேல குடுத்துச்சு, அதே வண்டி புரூக்லேண்ட்ஸ் ரேஸ் டிராக்ல 78 மைல் வேகமும் தொட்டுச்சு. அவ்வளவு மைல்ல கியர் ராடுக்கு வேலையே இல்ல!

ஆனா இந்தப் பெருமைதான் உதைச்சுது. டாப் கியர்லயே எல்லாம் ஆகுதேன்னு 1909லயே நாலு கியரை மூணாக் குறைச்சிருந்தாங்க. 1912ல ஜேம்ஸ் ராட்லின்னு ஒருத்தர் ஆல்ப்ஸ் போட்டிக்கு எடுத்துட்டுப் போனார், ஆஸ்திரியாவுல காட்ஷ்பெர்க் ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு. அவ்வளவு பேர் முன்னாடி, ரோல்ஸ் ராய்ஸ்! அடுத்த வருஷம் நாலு கியரோட கம்பெனியே டீம் அனுப்பி பேரைக் காப்பாத்திக்கிச்சு. மெட்ராஸ்-பெங்களூர் ரோடு மட்டும் ஓட்டினவங்களுக்கு இது புரியாது, ஊட்டி ஏறினவங்களைக் கேளுங்க.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிக்கட்டைக் காமிக்கிறாங்க, நேரமாச்சாம், கியர் ராடு நடுவுக்கு வந்த கதையைச் சுருக்குறேன். கியர்பாக்ஸ் என்ஜினோட ஒட்டினதும் அதோட மூடி மேலயே ராடை நட்டுடலாம், குறுக்கு ஷாஃப்ட் தேவையில்ல, செலவு குறைவு. 1916ல வந்த அமெரிக்க காடிலாக் கார்ல கியரும் ஹேண்ட் பிரேக்கும் ரெண்டு சீட்டுக்கு நடுவுல, கீழ கிளட்ச் பிரேக் ஆக்ஸிலரேட்டர்னு வரிசையா, கிட்டத்தட்ட நம்ம கார்தான். ரோல்ஸ் ராய்ஸும் அமெரிக்கா ஸ்பிரிங்ஃபீல்ட்ல செஞ்ச வண்டில 1925 வாக்குல ஸ்டீயரிங்கை இடது பக்கம் மாத்தி கியரை நடுவுல வெச்சாங்க, இங்கிலாந்துல மட்டும் வலது ஓரத்துலயே பிடிவாதமா, அவங்க செஞ்ச பென்ட்லி கார்லயும் சேத்துத்தான், 1950கள் நடுவரைக்கும். என் கருத்து என்னன்னா அதுல அர்த்தம் இருந்துச்சு, முன் சீட்ல நடுவுல கால் இடிக்காது, பக்கத்துல இருக்கவங்க சேலை மாட்டாது, சரி அங்க கவுன்னு வெச்சுக்கங்க. ஒரு கியர் மாத்த ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கிற டபுள் கிளட்ச் பத்தி நிறைய எழுதி வெச்சிருந்தேன், லைட் சிவப்பாயிடுச்சு, இன்னொரு தடவை கூப்பிட்டா சொல்றேன். வணக்கம்.